காதல் நாவலை யார், எந்த நேரத்தில் படிக்கிறார்கள்?

காதல் நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அக்கா, இப்ப எந்த மாதிரி கதை ஓடுது?" ஆன்டி ஹீரோவா, ஒப்பந்தக் கல்யாணமா, கிராமத்துக் கதையா, ஐடி கம்பெனிக் கதையா? நான் திருப்பி ஒன்று கேட்பேன். நீங்கள் எழுதப்போவதை யார் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்கு எந்த நேரத்தில் கை ஒழியும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கதையின் நீளம், அத்தியாயத்தின் அளவு, நாயகனின் குணம், எங்கே வெளியிடுவது என்று பாதி விஷயம் தானாக முடிவாகிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் என் சித்தியின் வாடகை நூலகம். மதுரையில் வைகைக்கு வடகரையில், ஒரு தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே இருந்த ஒற்றை அறை. சேரும்போது ஒரு அட்வான்ஸ், அப்புறம் புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. சாயங்காலம் சித்தி அடுப்படிக்குப் போகிற நேரத்தில் நான் கல்லாவில் உட்காருவேன். இன்றைக்கும் ஒரு நாவலைத் தொடங்கும்போது, அந்த வாசல்படியில் நின்று புத்தகம் மாற்றிய பெண்களை நினைத்துக்கொண்டுதான் முதல் வரியை எழுதுகிறேன்.

அந்தப் புத்தகங்களுக்குள் ஒரு தனிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காதல் நாவல்களின் தலைப்புகள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். உயிர், நெஞ்சம், நிலவு, நீ, நான் என்று அதே சொற்கள் இடம் மாறி மாறி வரும். வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு பக்கம் புரட்டிய பிறகுதான் ஏற்கெனவே படித்தது என்று தெரியும். வாடகை வீண். அதனால் ஒவ்வொருவரும் ஒரு அடையாளம் வைத்திருந்தார்கள். ஒரு டீச்சர் 21-ஆம் பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ரேஷன் கடைத் தெரு அக்கா கடைசிப் பக்கத்து மூலையில் 'ச' என்று எழுதுவார். இன்னொருவர் முதல் அத்தியாயத்துக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரம் போடுவார். சித்திக்கு எல்லாருடைய குறியும் மனப்பாடம். புத்தகத்தைக் கையில் வாங்கி, அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "டீச்சர், இதுல உங்க புள்ளி இருக்கு, வேற எடுங்க" என்பார்.

சில புத்தகங்களில் டீச்சரின் புள்ளி இரண்டாக இருக்கும். சிலவற்றில் மூன்று. தெரிந்தே மறுபடி எடுத்துப் படித்தவை அவை. அந்தப் புத்தகங்களாகப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். ஒரு பெண் காசு கொடுத்து மறுபடி மறுபடி எடுக்கிற கதையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என எனக்கு ஒரே வெறி.

பெரிய திருப்பங்கள் எதுவும் இல்லை. பெரும்பாலும் ஆட்கள் நிறைந்த ஒரு வீடு. வாய்க்குப் பயப்படவேண்டிய ஒரு பாட்டி அல்லது அத்தை. நாயகனும் நாயகியும் அதிகம் பேசிக்கொள்ளாமல் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஒரு நீண்ட நடுப்பகுதி. நாயகி செய்கிற வேலையை, அது சமையலோ கணக்கு எழுதுவதோ, யாரோ ஒருவர் கவனித்துச் சொல்கிற ஒரு இடம். இதற்கெல்லாம் மேலே, சண்டை தீர்ந்து இருவரும் மனம் விட்டுப் பேசுகிற காட்சி நிதானமாக, பல பக்கத்துக்கு இருந்தது. புதிதாக எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதற்கு நேரெதிர். 280 பக்கம் மனஸ்தாபம், ஒன்றரைப் பக்கம் சமாதானம், சுபம். அவ்வளவு நேரம் காத்திருந்த வாசகிக்கு அந்த ஒன்றரைப் பக்கம் போதாது. சேர்ந்த பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்க்க ஆசைப்படுகிறார். அதற்கென்று குறைந்தது இரண்டு அத்தியாயம் ஒதுக்குங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். மறுபடி எடுத்துப் படிக்க வைப்பது அந்தப் பக்கங்கள்தான்.

இன்னொரு பழக்கத்தையும் அங்கே பார்த்தேன். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். "சேந்துர்றாங்கல்ல?" என்று சித்தியிடமும் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். "அழுகாச்சிக் கதை வேணாம், வீட்லயே இருக்கு அம்புட்டும்" என்று ஒருவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்துபோனால் சுவாரசியம் போய்விடுமே என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. சேருவார்களா மாட்டார்களா என்ற பதற்றத்துக்காக அவர்கள் காதல் நாவல் எடுப்பதில்லை, எப்படிச் சேருகிறார்கள் என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள். துயரமான முடிவோடு நல்ல காதல் கதை எழுத முடியும், தாராளமாக எழுதலாம். ஆனால் அதைக் குடும்பக் காதல் நாவல் என்று ரேப்பரில் போட்டு விற்றால் அந்த வாசகி உங்கள் அடுத்த புத்தகத்தைத் தொடமாட்டார். அவர் கோபம் நியாயமானது.

வாடகை நூலகங்கள் குறைந்துபோன இந்தக் காலத்தில் இதை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்பார்கள். அரசு கிளை நூலகத்துக்குப் போங்கள். புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருக்கின்றனவா, வருஷத்துக்கு ஒன்றா, மேலே புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறதா? திருமங்கலம், மேலூர் போன்ற ஊர்களின் நூலகத்தில் ஒரு மணி நேரம் நாவல் அலமாரிக்கு முன்னால் நின்றால் போதும், எந்தப் புத்தகத்தின் முதுகு நைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உட்கார்ந்து எழுதுவதற்கு அருமையான இடம். ஆனால் காதல் நாவலின் வாசகியைத் தெரிந்துகொள்ளச் சின்ன ஊர்க் கிளை நூலகம்தான் சரி. நூலகரிடம் பேச்சுக் கொடுங்கள், யார் எதைக் கேட்டு வருகிறார்கள் என்று அவர் சொல்வார். அந்த அலமாரியில் ரமணிசந்திரன் பெயர் இல்லாமல் இருக்காது. 100-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவருடைய வாசகிகளில் பலர் இப்போது பேத்தி எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் போனில் தொடர்கதை படிக்கிற பெண்களில் கணிசமானவர்கள் அம்மா எடுத்துவந்த புத்தகத்தை ஒளிந்து படித்து இந்தப் பழக்கத்துக்கு வந்தவர்கள். அந்த எதிர்பார்ப்பு அப்படியே கூட வந்திருக்கிறது.

மாத நாவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-ல் வரத் தொடங்கிய ராணி முத்து, மாதம் ஒரு முழு நாவல் குறைந்த விலையில் என்ற வழக்கத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. பஸ் ஸ்டாண்ட் கடைகளில் மாத நாவல்கள் வரிசையாகத் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. ஆரப்பாளையத்தில் ஏறினால் தேனி போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்கிற அளவு. இப்போது அந்தப் பயண நேரத்தைப் போன் எடுத்துக்கொண்டுவிட்டது.

போனில் படிக்கிறவர்களுக்கு வருகிறேன். பெங்களூரில் 2014-ல் தொடங்கிய பிரதிலிபி மாதிரியான செயலிகள் வந்த பிறகு, பதிப்பகத்தின் முகமே பார்க்காத ஆயிரக்கணக்கான பெண்கள் தமிழில் காதல் தொடர் எழுத வந்தார்கள். காசு கொடுக்காமலே படிக்கலாம். சந்தா, காயின் என்று பணம் கொடுத்துப் படிக்கிற வழிகளும் வந்துவிட்டன. இங்கே அத்தியாயத்துக்குப் பெயர் 'எபி', அடுத்த பகுதிக்குப் பெயர் 'யூடி'. "அடுத்த யூடி எப்போ?" என்று வாசகி கேட்கத் தொடங்கிவிட்டால் தொடர் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த வாசகியின் நேரம் துண்டு துண்டானது. எனக்குத் தெரிந்த ஒருத்தி திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்கு வருகிறாள். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு எபி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் பாதி. ராத்திரி பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு மீதி. வீட்டில் இருக்கிற பெண்கள் என்றால் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் அனுப்பிவிட்டு, துணி ஊறவைத்துவிட்டு உட்காருகிற பத்தரை மணி. இந்த நேரங்களுக்குள் முடியவேண்டும் என்றால் ஒரு அத்தியாயம் 1,200-லிருந்து 1,500 சொல் இருப்பது வசதி. அதற்கு மேல் போனால் நடுவில் மூடிவிட்டுப் போவார்கள். மூடினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து புளி கொட்டை எடுப்பதை அரைப் பக்கம் வர்ணிப்பதெல்லாம் அச்சுப் புத்தகத்தில் அழகாக இருக்கும். போன் திரையில் அந்த அரைப் பக்கம் மூன்று திரைக்கு நீளும். நான் வர்ணனையை விட்டுவிடவில்லை, பேச்சுக்கு நடுவே ஒவ்வொரு வரியாகப் பிரித்து வைத்துவிடுகிறேன்.

எந்த நாளில் போடுவது என்பதும் முக்கியம். சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரைக்காரிகள் யாரும் போனைத் தொடர்கதைக்காக எடுப்பதில்லை. மீனாட்சி கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது, வீடு நிறைய விருந்தாள். பொதுத்தேர்வு நடக்கிற மாதங்களில் பிள்ளைகளோடு அம்மாமாரும் சேர்ந்து பரீட்சை எழுதுகிறார்கள். கதையின் முக்கியமான அத்தியாயத்தை அந்த நாட்களில் போடாதீர்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு நல்ல காலம் வரும். புதுத் தொடர் தொடங்க நான் ஜூன் மாதத்தைத்தான் எடுத்துக்கொள்வேன்.

நேரம் இருக்கிறது, கைதான் இல்லை என்கிற வாசகிகளும் உண்டு. இவர்களைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் பூக் கட்டுகிறவர்கள், தையல்காரர்கள். இவர்கள் நாவலைக் கேட்கிறார்கள். யூடியூபில் யாரோ ஒருவர் குரல் கொடுத்து வாசிக்கிற நாவல், நாலைந்து மணி நேரம் ஓடும். போனை மரப்பெட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டு நாலு பேர் சேர்ந்து கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். நாயகன் வீம்புக்குப் பேசினால் இவர்கள் போனைப் பார்த்தே திட்டுகிறார்கள்.

இப்படிக் கேட்கிறவர்களுக்கு எழுதும்போது சில விஷயங்கள் மாறும். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'அவன்', 'அவள்' என்றே ஒன்றரைப் பக்கம் போனால் குரலில் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. பாத்திரங்களின் பெயர்கள் காதுக்கு வேறு வேறாக இருக்கவேண்டும். ஆதித்யா, ஆதவன், ஆதிரா என்று ஒரே வீட்டில் வைத்தால் கேட்கிறவர் குழம்பிப்போவார். முன்கதைக்குத் தாவுகிற இடத்தில் அச்சில் ஒரு வரி இடைவெளி விட்டால் போதும், காதுக்கு அந்த இடைவெளி கிடையாது. "அது நடந்து ஆறு வருஷம் ஆச்சு" என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். இப்போது நான் எழுதுகிற எதையும் வெளியிடும் முன் ஒருமுறை சத்தமாக வாசித்துவிடுகிறேன்.

பூக் கட்டுகிற ஒரு அக்கா எனக்கு இன்னொரு உதவியும் செய்தார். ஒரு தை மாதக் காட்சியில் நாயகன் மனைவிக்கு மல்லிகை வாங்கி வருவதாக யோசித்து வைத்திருந்தேன். எழுத உட்காரும் முன் முழம் என்ன விலை விற்கும் என்று தெரிந்துகொள்ள அவரிடம் போனேன். பனிக்காலத்தில் மல்லிச் செடி மொட்டு விடுவது குறையும், வரத்து இருக்காது, அதே நேரம் பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும், விலை கிலோ ஆயிரங்களில் போகும் என்று விளக்கிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "தை மாசத்துல மல்லி வாங்கிட்டு வர்றவன் ஒண்ணு பணக்காரனா இருக்கணும்த்தா, இல்லன்னா பொண்டாட்டி மேல உசுரா இருக்கணும்." நான் எழுதவிருந்தது ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவனைப் பற்றி. அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் காட்சி முழுதாகக் கிடைத்துவிட்டது. அவன் கால் முழம்தான் வாங்கி வருகிறான். அவள் விலை கேட்கிறாள். அவன் சொல்ல மறுக்கிறான். அவ்வளவு நாள் பேசாமல் இருந்த இரண்டு பேருக்கு அதற்கு மேல் வசனம் தேவைப்படவில்லை. வாசகி எந்த உலகத்தில் வாழ்கிறாரோ அந்த உலகத்தின் விலைவாசியைத் தெரிந்துகொண்டால், காதலைச் சொல்ல 'உயிரே', 'தேவதையே' எல்லாம் வேண்டியதில்லை.

இப்போது எல்லாரும் கேட்கிற ஆன்டி ஹீரோ. கோபக்கார நாயகனுக்குச் சந்தை இருக்கிறது, மறுக்கவே முடியாது. ஆனால் அந்தச் சந்தை எதைக் கேட்கிறது என்பதை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டு, நாயகியை அறைகிற, பலவந்தப்படுத்துகிற ஆளை எழுதி, கடைசியில் அவனுக்கே அவளைக் கட்டிவைத்துவிடுகிறார்கள். இந்த மாதிரிக் கதைகளை விரும்பிக் கேட்கிற ஒரு பெண்ணிடம் நான் உட்கார்ந்து விசாரித்தேன். அவர் சொன்னது: "அவன் கோவப்படுறதுக்காகப் படிக்கலக்கா. அம்புட்டு வீறாப்பா இருந்தவன் இவகிட்ட எறங்கி வர்றான்ல, அதப் பாக்கத்தான்." எவ்வளவு பெரிய வித்தியாசம்! அவர் கேட்பது ஒரு ஆண் தன் தவறை உணர்ந்து, வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கிற காட்சியை. தன் வீட்டில் ஒருநாளும் பார்த்திராத காட்சி அது. அதைக் கொடுக்க அறை தேவையில்லை. திமிர் போதும், அவளைக் குறைத்து எடைபோட்டது போதும், பேசாமல் இருந்தது போதும். அடிக்கிறவனை நாயகனாக நான் எழுதமாட்டேன். அப்படி எழுதாததால் எனக்கு வாசகிகள் குறைந்துவிடவில்லை. மன்னிப்புக் கேட்கிற அத்தியாயத்தை மட்டும் குறைவைக்காமல் எழுதுகிறேன். மாமியாருக்குப் பயந்து தனியறையில் கேட்கிற மன்னிப்பை வாசகிகள் ஏற்பதில்லை. எல்லார் முன்னாலும் திட்டியவன் எல்லார் முன்னாலும்தான் கேட்கவேண்டும்.

அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் புத்தகம் போட்டபோது எனக்கு இன்னொரு கூட்டம் அறிமுகமானது. எந்த நாட்டுக் கடையில் எத்தனை விற்றது, எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று நாள்வாரியாகக் காட்டுகிற கணக்குப் பக்கம் எழுத்தாளருக்கு உண்டு. இந்தியாவை அடுத்து அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று பார்த்தபோதுதான் கடல் கடந்து இருக்கிற பெண்கள் எவ்வளவு தமிழ் நாவல் படிக்கிறார்கள் என்று உறைத்தது. இவர்களுடைய ஆசை சித்தியின் கடைக்கு வந்தவர்களின் ஆசைக்கு நேர்மாறு. மதுரையில் இருந்தவர்களுக்குக் குன்னூர் எஸ்டேட் பங்களாவும், சென்னையில் நீச்சல்குளம் வைத்த வீடும் வேண்டும். தெருக்குழாய் சண்டையை எதற்குக் கதையிலும் படிக்கவேண்டும் என்று நினைத்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் தெருக்குழாய்தான் வேண்டும். செல்லூரில் தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்து, வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் தெளிக்கிற மொட்டை மாடி, சோழவந்தான் வெற்றிலை மடித்துக் கொடுக்கிற தாத்தா. எந்தப் புத்தகம் யாருக்கு என்று முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது. இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: செல்லூர்ப் பெண்ணைக் கொடைக்கானலுக்கு வேலைக்கு அனுப்பிவிடுவது. நான் அதைச் செய்திருக்கிறேன், இரண்டு பக்கமும் படித்தார்கள்.

கிண்டிலின் பணக் கணக்கைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கிண்டில் அன்லிமிடெட் மாதச் சந்தா வைத்திருப்பவர் உங்கள் புத்தகத்தை எடுத்தால், அவர் படித்த பக்கங்களுக்குத்தான் உங்களுக்குப் பணம். பக்கத்துக்குக் கிடைப்பது பைசாக்கள்தான். எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தைக் கூட்டவும் முடியாது, பக்கத்தை அவர்கள் ஒரே அளவுகோலில் கணக்கிடுகிறார்கள். ஆக, எடுத்தவர் கடைசிவரை படித்தால்தான் வருமானம். முதல் மூன்று அத்தியாயத்தில் வாசகியை இழுக்காத புத்தகம் எத்தனை பேர் எடுத்தாலும் காசு தராது. இந்தத் திட்டத்தில் சேரவேண்டும் என்றால் செலக்ட் என்ற ஏற்பாட்டில் 90 நாளுக்கு மின்பதிப்பை அவர்களுக்கு மட்டுமே கொடுக்கவேண்டும். நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த 90 நாளுக்குத் தானாகவே நீளும். அந்த நாட்களில் அதே கதை வேறு செயலியில் முழுதாகக் கிடக்கக்கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரை வெளியே வைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. இந்தியாவில் விற்கும் மின்நூலுக்கு 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றாலும் செலக்ட்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் 35 தான். தொடராகப் போட்டு வாசகியைச் சேர்த்துக்கொள்வது, முடிந்ததும் சில வாரம் விட்டு, முன்கூட்டியே அறிவித்துவிட்டு எடுத்து, திருத்திக் கிண்டிலில் போடுவது என்பது பலரும் பின்பற்றுகிற வழி. அறிவிக்காமல் எடுத்தால் பாதியில் நிற்கிறவர்கள் மனம் கசந்துபோகும். பதிவேற்றும்போது தேடுசொற்களுக்கு ஏழு கட்டம் தருவார்கள். நம் வாசகிகளில் நிறையப் பேர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள், அதனால் தமிழ் எழுத்தில் பாதி, ஆங்கில எழுத்தில் பாதி என்று நிரப்புங்கள்.

அச்சுக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் பதிப்பாளர் கணக்குப் போடுவது கதையை வைத்து மட்டுமல்ல, ஃபாரத்தை வைத்தும்தான். 16 பக்கம் ஒரு ஃபாரம். 12 ஃபாரம் என்றால் 192 பக்கம். உங்கள் கதை 200 பக்கத்தில் முடிந்தால் அடுத்த ஃபாரத்தில் பாதி வெள்ளைத் தாளாகக் கிடக்கும். எட்டுப் பக்கம் குறைக்க முடியுமா என்று கேட்டால் அது உங்கள் எழுத்தைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரருக்குக் கொடுக்கிற கழிவு, அரசு நூலகங்களுக்கு வாங்குகிற நூலக ஆணை கிடைக்குமா என்பது, புத்தகக் கண்காட்சி நெருங்குகிறதா என்பது எல்லாம் அவர் தலைக்குள் ஓடும். மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது காதல் நாவல் விற்கிற ஸ்டாலில் ஒரு சாயங்காலம் ஓரமாக நின்று பாருங்கள். முதலில் கை போவது எழுத்தாளர் பெயருக்கு. அப்புறம் பின்னட்டைக் குறிப்பு. பிறகு கட்டாயம் புத்தகத்தைத் திருப்பித் தடிமனையும் விலையையும் ஒன்றாகப் பார்ப்பார்கள். கழிவு 10 சதவீதம் போக எவ்வளவு என்று மனக்கணக்கும் போடுவார்கள். ரேப்பரில் இருக்கிற ஜோடியின் முகத்தை யாரும் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னட்டையில் கவிதை போடுவதைவிட, யார் யாரை எந்த நிலைமையில் சந்திக்கிறார்கள் என்று நாலு வரி எழுதினால் புத்தகம் கையோடு போகும். பெயரைப் பார்த்துதான் வாங்குகிறார்கள் என்பதால், குடும்பக் காதல் எழுதுகிற அதே புனைபெயரில் திகில் கதையும் எழுதாதீர்கள். அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒப்பந்தம். இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை நான் நிறையச் சந்தித்துவிட்டேன். 'அனைத்து உரிமைகளும்' என்ற இரண்டு சொல்லுக்குள் அச்சு, மின்நூல், ஒலி, மொழிபெயர்ப்பு, சீரியல் எல்லாம் போய்விடும். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்று எடுத்துக்கொள்வார்கள், எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். எழுத்தாளரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 வருஷமும் உங்கள் கதைக்கு உரிமை உண்டு என்பதால் இது உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பார்க்கவேண்டிய சொத்து. அச்சுக்குக் கேட்டால் அச்சுக்கு மட்டும் கொடுங்கள், வருஷத்தை எண்ணால் எழுதச் சொல்லுங்கள். ஒலி உரிமை எழுத்தாளரிடமே இருக்கும் என்று தனியாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பூக் கட்டிக்கொண்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டும் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிற நேரத்தில் அதை அச்சோடு சேர்த்துச் சும்மா கொடுத்துவிடாதீர்கள்.